முதல் கேமிங் பிசி: தம்பியோடு உட்கார்ந்து போட்ட கணக்கு



போன பள்ளி விடுமுறையில் கிள்ளானில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்து ஒரு வாய் தேநீர்கூட குடிக்கவில்லை, படிவம் 4 படிக்கும் சித்தி மகன் தன் கைப்பேசியை என் கையில் திணித்தான்.

"அண்ணே, இது என் பிசி லிஸ்ட். சரியா இருக்கான்னு பாருங்க. அம்மா 3,000 ரிங்கிட் தரேன்னு சொல்லிட்டாங்க."

லிஸ்ட்டைப் பார்த்தேன். ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக் கார்டு. தண்ணீரில் குளிர வைக்கும் கூலர். முன்னும் பக்கமும் கண்ணாடி போட்ட கேசிங். ஆறு ஆர்ஜிபி காற்றாடி. ராம் மட்டும் 8 ஜிபி, ஒரே ஸ்டிக்.

"மானிட்டர் எங்கடா?"

"வீட்ல பழசு ஒன்னு இருக்குண்ணே."

"பவர் சப்ளை?"

"அது கேசிங்கோடயே வரும்ணே. 500 வாட். ஃப்ரீ."

அந்த 'ஃப்ரீ' என்ற வார்த்தை கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

சித்தி சமையலறையிலிருந்து வந்தார். சூப்பர்மார்க்கெட்டில் காசாளர் வேலை. அந்த 3,000 ரிங்கிட் ஒரு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம் செய்து சேர்த்தது. "எனக்கு இதெல்லாம் ஒன்னும் புரியலயா. நீதான் படிக்கிற பிள்ளை, பார்த்து சரியா வாங்கிக் கொடு. தப்பா போச்சுன்னா ரெண்டாவது தடவை வாங்க என்கிட்ட காசு இல்ல" என்றார்.

"அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாதுண்ணே, நாம பேசுவோம்" என்றான் தம்பி.

அன்று இரவு அவனும் நானும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தோம். அதில் எழுதியதைத்தான் உங்களுக்கும் பாடமாகத் தருகிறேன். உங்களில் பலர் தீபாவளி அங்பாவையும் விடுமுறை வேலைச் சம்பளத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

பாடம் 1: பாகத்தைக் கேட்காதே, வேலையைக் கேள்

"எந்த கார்டு நல்லது?" என்று ஆரம்பித்தால் பதில் எப்போதும் "இன்னும் கொஞ்சம் விலை கூடின கார்டு" என்றுதான் வரும். அதற்கு முடிவே கிடையாது. அதனால் நான் தம்பியிடம் மூன்று கேள்வி மட்டும் கேட்டேன்.

ஒன்று, என்ன விளையாடப் போகிறாய்? "வேலோரண்ட், மைன்கிராஃப்ட், நேரம் இருந்தா ஜிடிஏ 5." இதில் வேலோரண்ட் லேசான விளையாட்டு. அதற்கு கார்டைவிட ப்ராசசர்தான் அதிகம் உழைக்கும். ஜிடிஏ 5 கணினிக்கு வந்ததே 2015இல். இவற்றுக்குப் பெரிய கார்டு தேவையில்லை.

இரண்டு, எந்தத் திரையில் பார்க்கப் போகிறாய்? இங்கேதான் அவன் மாட்டிக்கொண்டான். வீட்டில் இருந்த பழைய மானிட்டர் 60 ஹெர்ட்ஸ். அதாவது ஒரு நொடிக்கு 60 படம்தான் காட்டும். கார்டு நொடிக்கு 200 படம் தயாரித்தாலும் அந்தத் திரையால் 60 முறைக்கு மேல் மாற முடியாது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் 16.7 மில்லி நொடி. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் அது 6.9 மில்லி நொடி. வேலோரண்ட் மாதிரி விளையாட்டில் எதிரி மூலையிலிருந்து வரும்போது இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அவன் லிஸ்ட்படி வாங்கியிருந்தால் கார்டுக்குக் கொடுத்த காசில் பாதி திரைக்கு வந்தே சேர்ந்திருக்காது.

4கே மானிட்டர் பற்றியும் கேட்டான். கணக்கு போடச் சொன்னேன். 1080பி என்றால் 1920 பெருக்கல் 1080, அதாவது 20 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே புள்ளிகள். 4கே என்றால் அதைப்போல் நான்கு மடங்கு. அந்த நான்கு மடங்கு புள்ளிகளையும் கார்டு ஒவ்வொரு படத்துக்கும் வரைய வேண்டும். முதல் கணினிக்கு 1080பி போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்று, விளையாட்டைத் தவிர வேறு என்ன செய்வாய்? பள்ளிப் பாடம், காணொளி வெட்டி ஒட்டுவது, கொஞ்சம் புரோகிராமிங் என்றான். இது முக்கியம். எஸ்பிஎம் முடிந்து கல்லூரி போகும்போதும் இந்தக் கணினி உழைக்க வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கப் போகிறவர்கள், இன்னும் ஒரே வருடம்தான் வீட்டில் இருப்பேன் என்றால், மேசைக் கணினியா மடிக்கணினியா என்று இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாடம் 2: எல்லாப் பாகமும் ஒன்றையொன்று பார்த்துத்தான் வேலை செய்யும்

பொறியியலில் நாங்கள் முதலில் படிப்பதே இதுதான்: ஒரு அமைப்பின் வேகத்தை அதில் மிக மெதுவான பகுதி முடிவு செய்யும். ஆறு வழிச் சாலை போட்டுவிட்டு டோல் சாவடியில் ஒரே கதவைத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? அதேதான்.

ப்ராசசர்: 6 கோர், 12 த்ரெட் உள்ளது இன்றைக்கு நல்ல அளவு. ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600, இன்டெல் பக்கம் கோர் ஐ5 12400எஃப். இரண்டும் 2022இல் வந்தவை. புதுசு இல்லை, ஆனால் விலை இறங்கியவை. ஐ5 பெயரின் கடைசியில் இருக்கும் 'எஃப்' என்ற எழுத்தைக் கவனிங்க. அதற்கு உள்ளேயே படம் காட்டும் வசதி கிடையாது என்று அர்த்தம். தனி கிராபிக் கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது. கார்டு வாங்க இப்போது காசு இல்லை என்கிறவர்கள் ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ப்ராசசரை வாங்கி, லேசான விளையாட்டுகளை விளையாடிக்கொண்டு, ஒரு வருடம் கழித்து கார்டு சேர்க்கலாம். இது குறுக்குவழி இல்லை, நல்ல திட்டம்.

மதர்போர்டு: சாக்கெட் பொருந்த வேண்டும். 5600க்கு ஏஎம்4, 12400எஃப்க்கு எல்ஜிஏ 1700. எல்ஜிஏ 1700 போர்டுகளில் டிடிஆர்4 ராம் எடுப்பதும் உண்டு, டிடிஆர்5 எடுப்பதும் உண்டு. பெயர் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். ராமில் இருக்கும் பள்ளம் இரண்டிலும் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றி வாங்கினால் உள்ளேயே போகாது. ஏஎம்டி பக்கம் போகிறவர்கள் பி450 மாதிரி பழைய போர்டு எடுத்தால், அதில் புதிய பயோஸ் போட்டிருக்கிறதா என்று கடையில் கேளுங்க. இல்லாவிட்டால் 5600ஐ அது அடையாளம் காணாது.

ராம்: 16 ஜிபி வேண்டும். ஆனால் ஒரே 16 வேண்டாம், இரண்டு 8 வாங்குங்க. இரண்டு ஸ்டிக் போட்டால் ப்ராசசருக்கும் ராமுக்கும் நடுவில் இரண்டு பாதை திறக்கும். போர்டில் நான்கு இடம் இருந்தால் பொதுவாக ப்ராசசரிலிருந்து எண்ணி 2ஆவது, 4ஆவது இடத்தில் போட வேண்டும். போர்டின் கையேட்டில் படம் போட்டிருப்பார்கள். போட்ட பிறகு பயோஸுக்குள் போய் எக்ஸ்எம்பி என்பதை இயக்கவும். அதைச் செய்யாவிட்டால் 3200 என்று காசு கொடுத்து வாங்கிய ராம் அதைவிடக் குறைந்த வேகத்தில் சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். என் நண்பர் ஒருவர் இரண்டு வருடம் அப்படியே ஓட்டினார்.

எஸ்எஸ்டி: என்விஎம்இ வகை 500 ஜிபி குறைந்தது. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கில் விண்டோஸ் போடாதீங்க. முழுக் கணினியும் அதற்காகக் காத்திருக்கும்.

கிராபிக் கார்டு: 8 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்எக்ஸ் 6600 தம்பியின் விளையாட்டுகளுக்கு 1080பியில் தாராளம். வாங்கும்முன் கார்டின் நீளத்தையும் கேசிங்கில் இருக்கும் இடத்தையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டுப் பாருங்க.

பாடம் 3: ஃப்ரீயாக வரும் பவர் சப்ளை

இப்போது என் கதை. எஸ்பிஎம் முடித்த பிறகு நான்கு மாதம் வேலை செய்து என் முதல் கணினியைச் சேர்த்தேன். எல்லாக் காசையும் கார்டில் போட்டேன். பவர் சப்ளை கேசிங்கோடு வந்தது. மேலே பெரிய எழுத்தில் 500 வாட் என்று போட்டிருந்தது. ஏழு மாதம் ஓடியது. ஒருநாள் இரவு விளையாடிக்கொண்டிருக்கும்போது 'டப்' என்று ஒரு சத்தம், பிறகு பிளாஸ்டிக் கருகும் வாசம். பவர் சப்ளை போனது மட்டுமில்லை, போகும்போது மதர்போர்டையும் ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போனது. அந்த டிஸ்க்கில் அக்கா கல்யாணப் படங்கள் இருந்தன. வேறு நகல் இல்லை. அப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது.

பிறகுதான் அதன் பக்கத்தில் ஒட்டியிருந்த லேபலைப் படித்தேன். கணினியில் ப்ராசசரும் கார்டும் சாப்பிடுவது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்த லேபலில் 12 வோல்ட்டுக்கு 20 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 12 பெருக்கல் 20, வெறும் 240 வாட். மீதியெல்லாம் யாரும் அதிகம் பயன்படுத்தாத 5 வோல்ட், 3.3 வோல்ட் பாதைகளில் சேர்த்துக் காட்டிய கணக்கு. இயற்பியல் வகுப்பில் படித்த சூத்திரம்தான். படித்தேன், ஆனால் பயன்படுத்தவில்லை.

நல்ல 550 வாட் பவர் சப்ளையின் லேபலில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் அளவில் இருக்கும். 540 வாட். இதைப் பார்த்து வாங்குங்க. '80 ப்ளஸ்' என்ற முத்திரையும் இருக்கட்டும், ஆனால் அது எவ்வளவு மின்சாரம் வீணாகாமல் போகிறது என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றுகளைப் பற்றி முழுமையாகச் சொல்லாது. அதனால் பெயர் தெரிந்த தயாரிப்பா, குறைந்தது ஐந்து வருடம் உத்தரவாதம் தருகிறார்களா என்றும் பாருங்க.

தம்பியின் கணினிக்குக் கணக்கு போட்டோம். 12400எஃப் முழு வேகத்தில் 117 வாட். ஆர்எக்ஸ் 6600க்கு 132 வாட். போர்டு, ராம், எஸ்எஸ்டி, காற்றாடி எல்லாம் சேர்த்து ஒரு 50. மொத்தம் ஏறக்குறைய 300. அதற்கு 550 வாட் நல்ல இடைவெளி. 850 வாட் வாங்குவது வீண்.

திருக்குறளில் 48ஆவது அதிகாரம் வலியறிதல். அதில் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றி ஒரு குறள் வரும். இறகு லேசானதுதான், ஆனால் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்பது கருத்து. பள்ளியில் படிக்கும்போது இது அரசர்களுக்குச் சொன்னது என்று நினைத்தேன். அந்த 'டப்' சத்தத்துக்குப் பிறகு எனக்கும் சொன்னதுதான் என்று புரிந்தது. கணினியில் அச்சு என்பது பவர் சப்ளை. வீட்டில் அச்சு யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சித்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓவர்டைம் பெயர் கொடுத்திருந்தார்.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவனே பேனாவை எடுத்து தண்ணீர் கூலரை அடித்தான். 12400எஃப்போடு பெட்டியிலேயே ஒரு கூலர் வருகிறது, அது போதும். ஆறு ஆர்ஜிபி காற்றாடியையும் அடித்தான்.

பாடம் 4: நம்ம ஊர் வெயிலும் இடியும்

வெளிநாட்டுக் காணொளிகளில் இதைச் சொல்ல மாட்டார்கள். நம் ஊரில் ஏர்கோன் இல்லாத அறையில் பிற்பகல் 32, 33 டிகிரி சாதாரணம். கேசிங்குக்குள் போகிற காற்றே சூடு. முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேசிங் அழகாக இருக்கும், ஆனால் காற்று எப்படிப் போகும்? முன்பக்கம் வலை போட்ட கேசிங், முன்னால் உள்ளே இழுக்க ஒரு காற்றாடி, பின்னால் வெளியே தள்ள ஒன்று. ஆரம்பத்துக்கு இது போதும். மாதம் ஒருமுறை தூசு தட்டுங்க.

இடி மின்னல் நம் நாட்டில் விளையாட்டில்லை. சர்ஜ் பாதுகாப்பு உள்ள, சிரிம் முத்திரை போட்ட நீட்டிப்பு வயர் வாங்குங்க. அப்படியிருந்தும் மாலையில் வானம் கறுத்தால் கணினியை நிறுத்தி பிளக்கைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. இணைய மோடத்தின் பிளக்கையும் சேர்த்துக் கழற்றுங்க. இடி அந்த வழியாகவும் வரும்.

மின்சாரக் கட்டணத்தைச் சித்தி கேட்டார். நியாயமான கேள்வி. விளையாடும்போது கணினியும் மானிட்டரும் சேர்த்து அதிகபட்சம் 330 வாட் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 3 மணி நேரம் என்றால் சுமார் 1 யூனிட். மாதம் 30 யூனிட். வீட்டு பில்லில் ஒரு யூனிட் எவ்வளவு என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்க. தம்பியையே பெருக்கச் சொன்னேன்.

பாடம் 5: காசைப் பிரித்த விதம்

கடைசியில் நாங்கள் எழுதிய லிஸ்ட் இது. அன்றைய தோராய விலை. ராம், எஸ்எஸ்டி விலையெல்லாம் அடிக்கடி ஏறி இறங்கும், அதனால் எண்ணைவிட எதற்கு எவ்வளவு பங்கு என்பதைப் பாருங்க.

கோர் ஐ5 12400எஃப்: 500 ரிங்கிட்
எச்610 மதர்போர்டு, டிடிஆர்4: 330
ராம் 8 ஜிபி இரண்டு: 160
500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி: 160
ஆர்எக்ஸ் 6600: 880
550 வாட் பவர் சப்ளை: 210
வலை முன்பக்க கேசிங், இரண்டு காற்றாடியோடு: 150
24 அங்குல 144 ஹெர்ட்ஸ் மானிட்டர்: 450
விசைப்பலகை, மௌஸ்: 80
சர்ஜ் பாதுகாப்பு நீட்டிப்பு வயர்: 60
மொத்தம்: 2,980

இதில் ஒன்று விட்டுப்போனது. விண்டோஸ் லைசென்ஸ். "கிராக் போட்டுக்கலாம்ணே, எல்லாரும் அதானே பண்றாங்க" என்றான். கிராக் கோப்புகளோடு வைரஸும் வரும், உன் விளையாட்டுக் கணக்கும் அம்மாவின் வங்கிக் கடவுச்சொல்லும் அதே கணினியில்தான் இருக்கும் என்று சொன்னேன். அதோடு, உழைத்து வாங்கிய பொருளுக்குள் திருடிய பொருளை வைக்க வேண்டுமா என்றும் கேட்டேன். யோசித்துவிட்டு, தன் தீபாவளி அங்பாவ் சேமிப்பிலிருந்து தானே வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். அந்தக் கணினியில் அவன் பங்கு அது.

பழைய பொருள் வாங்கலாமா? வாங்கலாம், ஆனால் கண்ணால் பார்த்து. 2022 செப்டம்பரில் ஈத்தரியம் நாணயம் கார்டு வைத்துத் தோண்டும் முறையைக் கைவிட்டது. அதன்பின் இரவு பகலாக ஓடிய கார்டுகள் நிறைய விற்பனைக்கு வந்தன. எல்லாமே மோசம் இல்லை. விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் விளையாட்டை ஓட்டி, சூட்டையும் காற்றாடிச் சத்தத்தையும் கவனித்து வாங்கலாம். ஆனால் சித்தியைப் போல் இரண்டாவது தடவைக்குக் காசு இல்லாத வீட்டில் உத்தரவாதத்துக்குத்தான் முதல் இடம். பழைய அலுவலகக் கணினி வாங்கி கார்டு மட்டும் சேர்க்க நினைப்பவர்கள் இரண்டைப் பாருங்க. ஒன்று, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இரண்டு, அவற்றின் பவர் சப்ளை சின்னது, கேசிங்கும் சின்னது. பெரிய கார்டு பொருந்தாது.

லோ யாட் பயணம்

சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து கேடிஎம் கொமியூட்டரில் கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து மோனோரயிலில் புக்கிட் பிந்தாங், பிறகு நடந்து லோ யாட் பிளாசா. சித்தியும் வந்தார். வேண்டாம் என்றான் தம்பி. "என் காசு எங்க போகுதுன்னு நான் பார்க்க வேணாமா?" என்றார்.

அங்கே போகும்போது ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்க. முதல் கடையிலேயே வாங்காதீங்க. எழுதிய லிஸ்ட்டைக் காட்டி மூன்று கடையில் விலைத்தாள் வாங்குங்க. "இந்தப் பாகம் இல்லை, இதுக்குப் பதிலா இது" என்றால், மாற்றிய பாகத்தின் முழுப் பெயரைக் கேட்டு அங்கேயே தேடிப் பாருங்க. ஒவ்வொரு பாகத்துக்கும் எத்தனை வருட உத்தரவாதம், யாரிடம் கொண்டுபோக வேண்டும் என்று ரசீதில் எழுதி வாங்குங்க. பாகத்தின் மேல் விநியோகிப்பாளர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கரைப் பிய்க்காதீங்க. பெட்டிகளைத் தூக்கிப் போடாதீங்க.

மூன்று மணி நேரம் சுற்றினோம். லிஸ்ட்டை மீறி ஒரு காசு போகவில்லை.

சித்தி சொல்லிக் கொடுத்தது

வீட்டுக்கு வந்ததும் தம்பி பொறுமை இல்லாமல் பெட்டியைப் பிரித்தான். கூடத்தில் காற்றாடி சுற்ற, பாலியஸ்டர் ஜெர்சியோடு நாற்காலியில் உரசி உரசி உட்கார்ந்து, ராமை எடுக்கக் கை நீட்டினான். எனக்கும் அவசரம், கவனிக்கவில்லை.

"கையை எடுடா!"

சித்தியின் குரல். அப்படி ஒரு அதட்டலை நான் அவரிடம் கேட்டதே இல்லை.

"முதல்ல அந்த இரும்பைத் தொடு. பெயின்ட் இல்லாத இடத்தைத் தொடு. இப்ப எடு. தங்கக் கலர்ல இருக்குற இடத்துல விரல் படக்கூடாது, ஓரத்தைப் பிடி."

தம்பி வாயைப் பிளந்துவிட்டான். எனக்கும் அப்போதுதான் தெரியும். கல்யாணத்துக்கு முன்னால் சித்தி பினாங்கு பாயான் லெப்பாஸில் ஒரு சிப் ஆலையில் மூன்று வருடம் ஆபரேட்டராக இருந்திருக்கிறார். மணிக்கட்டில் தரையோடு இணைத்த பட்டை கட்டிக்கொண்டுதான் மேசையில் உட்கார வேண்டுமாம். கட்ட மறந்தவர்களை சூப்பர்வைசர் வீட்டுக்கு அனுப்பியதும் உண்டாம். "ஒரு சிப் செத்துச்சுன்னா பார்த்தா தெரியாது. நல்லாத்தான் இருக்கும். டெஸ்ட் பண்ணாத்தான் தெரியும்" என்றார்.

சித்தி சொன்னது முழுக்கச் சரி. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்கு 'சுள்' என்று தெரியவே சில ஆயிரம் வோல்ட் வேண்டும். அதைவிட மிகக் குறைந்த அளவே ஒரு சிப்பைக் கெடுக்கப் போதும். இரண்டாம் ஆண்டில் இதைப் பரீட்சைக்கு எழுதியவன் நான். அதைக் கையில் பழக்கமாக வைத்திருந்தவர் சித்தி.

ப்ராசசர் பெட்டியைச் சித்தி கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒட்டுத்தாளில் சின்ன எழுத்தில் மலேசியா என்று இருந்தது. இன்டெல் தன் முதல் வெளிநாட்டு அசெம்பிளி ஆலையை 1972இல் பினாங்கில்தான் தொடங்கியது. அதே வருடம் ஏஎம்டியும் அங்கே வந்தது. அம்பது வருடத்துக்கு மேலாக உலகக் கணினிகளுக்குள் போகும் சிப்புகளைப் பொதிந்து சோதித்து அனுப்புகிற ஊர் அது. நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் ஃபேக்டரி பஸ்ஸில் ஏறி ஷிஃப்டுக்குப் போய்ச் செய்த வேலை.

"நீங்க ஏம்மா சொல்லவே இல்ல?" என்றான் தம்பி.

"நீ கேட்டியாடா?" என்றார் சித்தி. கோபமாகச் சொல்லவில்லை.

அதன்பின் வேலை வேறு மாதிரி நடந்தது. எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் ஊசிபோல் மெல்லிய கம்பிகள் போர்டில்தான் இருக்கும். ஒன்று வளைந்தாலும் போர்டு போச்சு. ப்ராசசரை இறக்கும் அந்த வேலையைத் தம்பி தானே அம்மாவிடம் கொடுத்தான். சித்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு, மூலையில் இருந்த முக்கோணக் குறியை ஒத்துப் பார்த்து, அழுத்தாமல் வைத்தார். தானாக உட்கார்ந்தது. இரவு பத்து மணிக்கு பட்டனை அமுக்கினோம். திரையில் எழுத்து வந்தது.

கணினி இப்போது கூடத்தில் இருக்கிறது, அறையில் இல்லை. அது சித்தி போட்ட ஒரே நிபந்தனை. பரீட்சை மாதத்தில் வார இறுதி மட்டும் என்பது தம்பி தானே எழுதி ஒட்டியது. ஆயுத பூஜைக்கு அதற்கும் பொட்டு வைத்தார்கள். நீங்களும் வையுங்க, ஆனால் சந்தனத்தைக் கேசிங்கின் பக்கத் தகட்டில் வையுங்க, வலையில் வேண்டாம். கணினியை நிறுத்திவிட்டுச் சாம்பிராணி காட்டுங்க. அந்தப் புகையைக் காற்றாடி உள்ளே இழுத்தால் தூசோடு சேர்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

வாங்கும் முன் ஒருமுறை சரிபாருங்கள்

1. என்ன விளையாட்டு, என்ன படிப்பு, எந்தத் திரை என்று எழுதிவிட்டேனா?
2. மானிட்டர், விசைப்பலகை, விண்டோஸ், சர்ஜ் வயர் கணக்கில் சேர்ந்ததா?
3. ப்ராசசர், போர்டு, ராம் மூன்றும் ஒன்றுக்கொன்று பொருந்துமா?
4. பவர் சப்ளை லேபலில் 12 வோல்ட் கணக்கு போட்டேனா?
5. கார்டின் நீளம் கேசிங்கில் அடங்குமா? காற்று உள்ளே போகுமா?
6. ரசீது, உத்தரவாதம், பெட்டிகள் ஒரே இடத்தில் இருக்கின்றனவா?
7. முக்கியமான படங்களுக்கும் கோப்புகளுக்கும் இன்னொரு நகல் இருக்கிறதா?

வகுப்பில் பேசிப் பாருங்கள்

ஒன்று, உங்கள் வீட்டு வருமானத்துக்கு எது அளவு என்று எப்போதாவது அப்பா அம்மாவிடம் வெளிப்படையாகக் கேட்டிருக்கிறீர்களா?

இரண்டு, நண்பர்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் நீங்கள் வாங்க நினைத்த பொருள் எது?

மூன்று, உங்கள் அம்மா, அப்பா, பாட்டி கல்யாணத்துக்கு முன்னால் என்ன வேலை செய்தார்கள்? தெரியாவிட்டால் இன்று இரவு போய்க் கேளுங்கள். அடுத்த வாரம் வந்து சொல்லுங்கள்.